கவிஞர் பெயரில்லாப் பாட்டுக்கு மாதச் சந்தாவா?

புக்கிட் தெங்காவில் என் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி வாழும் ஆசிரிய நண்பர் ஒருவர், ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருக்கும்போதே தம் நெடுநாளைய ஆசையொன்றை நிறைவேற்றிக்கொண்டார். பாலம் கடந்து ஜார்ஜ்டவுனுக்குச் சென்று, ஒரு நல்ல ஆம்பிளிஃபையரும் ஆளுயரத்தில் முக்கால் நிற்கும் இரு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தினார். ஹை-ஃபை என்று உலகம் சொல்லும் உயர்தர ஒலிக்கருவி அது. எத்தனை ஆயிரம் வெள்ளி என்று நான் கேட்கவில்லை. அவர் துணைவியார் முகத்தைப் பார்த்தே ஓரளவு கணக்கிட்டுக்கொண்டேன்.

கருவி வந்த மறுவாரம் அவர் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், டைடல் எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் எண்களாக எழுதி நிரப்பியிருந்தார். "ஐயா, இவற்றுள் எதற்குச் சந்தா கட்டலாம்? எண்ணில் பெரியதைத்தானே எடுக்க வேண்டும்?" என்றார்.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாட்டை எழுதியவர் யார் என்று இவற்றுள் எது சொல்கிறது?"

அவர் கைப்பேசியை எடுத்துத் தேடினார். ஐந்து நிமிடம் தேடினார். அந்த ஐந்து நிமிடத்தில் எழுந்த சினமே இக்கட்டுரை. இது நண்பர் மீது கொண்ட சினமன்று. நம் மீதே, தமிழாசிரியர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம் அனைவர் மீதே கொண்டது.

முதலில் அந்த எண்களை எடுத்துக்கொள்வோம். எண்களை அறியாமல் எண்களைப் பழிப்பது நேர்மையாகாது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இடம் வலம் என இரு தடங்களில் பதிகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். இதனைக் குறைவின்றி அப்படியே அனுப்பினால் இழப்பற்ற ஒலி என்கிறார்கள். செவி தவறவிடக்கூடியவற்றைக் கழித்து 320 என்றோ 256 என்றோ சுருக்கி அனுப்பினால் சுருக்கிய ஒலி. ஆப்பிள் 2021 சூனில் இழப்பற்ற ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தந்தது. ஸ்பாட்டிஃபை அதே ஆண்டு பிப்ரவரியில் தருவதாக அறிவித்து, 2025 செப்டம்பரில்தான் தரத் தொடங்கியது. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் உலகெங்கும் இதைப் பற்றி நடந்த வாக்குவாதத்தில் பாதியைத் திருக்குறளுக்குச் செலவிட்டிருந்தால், பரிமேலழகர் உரை முழுவதும் பலருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

வேறுபாடே இல்லையா? இருக்கிறது. 96 கிலோபிட் அளவில் சுருக்கிய பாட்டில் தாளத்தின் ஓசையும் சகரத்தின் சீறலும் குழைந்து போவதை எவரும் கேட்டுணரலாம். 320க்கும் 1,411க்கும் இடையே என்ன இருக்கிறது என்பதே வினா. நண்பர் வீட்டில் ஒரு மாலை நாங்களே சோதித்தோம். அவர் மகன் திரைக்குப் பின்னின்று, ஒலியளவைச் சமமாக்கி, ஒரே பாட்டை இரு வடிவிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தான். இருபது முறையில் நண்பர் பதினொன்றைச் சரியாகச் சொன்னார். நான் ஒன்பதைச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஐம்பதைக் கடந்த செவிக்கு மிகு உயர்ந்த அதிர்வுகள் எட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் எங்களைக் காட்டிலும் கூர்ந்த செவியுடையோரும் வேறொரு சோதனையில் இவ்வாறே திணறியிருக்கின்றனர். குறுவட்டின் அளவையும் விஞ்சிய உயர்நிலைப் பதிவுகளைக் குறுவட்டின் தரத்தோடு ஒப்பிட்டு, மேயர், மோரான் என்னும் இருவர் 2007இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினர். 554 முறை கேட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழப் பாதியே சரியாக இருந்தன. அந்த உயர்நிலைக்குத்தான் இன்று பெரிய எண்களைப் பொறித்து விற்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. டைடல் சேவை எம்.கியூ.ஏ. என்னும் முறையில் மூலப்பதிவின் தரத்தையே தருவதாகச் சொல்லி உயர்ந்த சந்தா வாங்கி வந்தது. அம்முறையை உருவாக்கிய நிறுவனம் 2023இல் நொடித்தது. 2024 சூலையில் டைடல் அம்முறையையே கைவிட்டது. அதை நம்பி அதற்கென்றே தனிக் கருவி வாங்கியவர்கள் இப்போது அந்தக் கருவியில் எரியும் சிறு விளக்கின் நிறத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

இனி, நாம் கேட்பது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். என் நண்பருக்கு உயிர், விசுவநாதன் – இராமமூர்த்தி இரட்டையர் 1965 வரை இணைந்து தந்த பாடல்கள். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. தமிழ்ப் படப் பாடல்களில் ஸ்டீரியோ முறையில் முதலிற் பதிவானவை என்று சொல்லப்படுபவை 1978இல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்கள். அப்படத்தின் கதை நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரில் நிகழ்வது. அதற்கு முற்பட்ட பாடல்களுக்கு மூல நாடா நல்ல நிலையில் இருந்ததா, அல்லது தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்தார்களா என்பதே ஒலியைத் தீர்மானிக்கும். தேய்ந்த தட்டின் கரகரப்பை இழப்பின்றி அனுப்பினால், கரகரப்பு இழப்பின்றி வந்து சேரும். அதிலும் சிலர் பழைய பாட்டுக்கு அடியில் புதுத் தாளத்தைச் செருகி, பொய்யான எதிரொலி சேர்த்து, அதையே மூலம் போல் ஏற்றி வைக்கிறார்கள். வேறொருவர் பாடிய நகலும் அதே பெயரில் அருகிலேயே இருக்கும். மாணவன் எதைக் கேட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

நண்பர் இழப்பற்ற ஒலியைக் கைப்பேசியில் வாங்கி, அங்கிருந்து புளூடூத் வழியே தம் ஆம்பிளிஃபையருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். புளூடூத் தன் பங்குக்கு அதனை மீண்டும் சுருக்கித்தான் அனுப்பும். பாலைக் காசு கொடுத்து வாங்கித் தண்ணீர் கலந்து குடிப்பது போன்றது இது. வீட்டு இணைய வலையின் வழியாகவோ கம்பியின் வழியாகவோ நேரே இணைத்தால்தான் கட்டிய கட்டணத்துக்குப் பொருளுண்டு. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓர் அடி முன்னே இழுத்து, தரையில் பாய் விரித்து, எதிரொலியைக் குறைத்தபோது அந்தக் கூடத்தில் கேட்ட மாற்றத்தை எந்தச் சந்தாவும் தரவில்லை. அதற்குச் செலவு ஒரு பாய்தான்.

நிற்க. ஆசிரியர் என்ற முறையில் எனக்குள்ள கவலை வேறு. 'தெளிவான ஒலி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு லகர ளகர ழகர வேறுபாடு எப்படித் தெரியும்?' என்று ஆசிரியர் கூட்டமொன்றில் ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆயின், அவ்வேறுபாட்டைச் செவிக்குக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 4,000க்குக் கீழேயே உள்ளன. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்தியது. அதன் வழியே நம் அன்னையர் தோட்டத்திலிருந்து பேசியபோது ழகரம் கெடவில்லை. கெடுத்துப் பேசியவர்களிடம்தான் கெட்டது. எனவே, வகுப்பறைக்கு வேண்டியது 1,411 அன்று. ழகரத்தை ழகரமாகவே ஒலித்த பாடகரின் மூலப்பதிவே வேண்டும். டி.எம். சௌந்தரராசன், சீர்காழி கோவிந்தராசன், பி. சுசீலா ஆகியோரின் ஒலிப்பு, எந்த உச்சரிப்புப் பயிற்சி நூலுக்கும் குறைந்ததன்று. நகலைக் கொடுத்து மூலத்தை மறைக்கும் சேவை, எத்தனை பிட் தந்தாலும் வகுப்பறைக்கு உதவாது.

இப்போது என் முதற்கேள்விக்கு வருகிறேன். வானொலி 6 என்று நாம் அழைத்து, இன்று மின்னல் எஃப்.எம். ஆகியிருக்கும் அரசாங்கத் தமிழ் வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அறிவிப்பாளர் படத்தின் பெயர் சொல்வார். பாடல் இயற்றியவர் இன்னார் என்பார். இசையமைத்தவரையும் பாடியவர்களையும் சொல்வார். பிறகுதான் பாட்டு வரும். லயத்து வீட்டுத் திண்ணையில் எழுத்தறியாத பாட்டிமாரும், 'இது கண்ணதாசன் பாட்டு, இது மருதகாசி பாட்டு' என்று பிரித்துச் சொன்னது அதனால்தான். பள்ளிக்கூடம் கற்றுத்தராத இலக்கியப் பாடம் அது. இசைத்தட்டின் உறையிலும் ஒலிநாடாவின் அட்டையிலும் அப்பெயர் அச்சாகியிருந்தது.

இன்றைய திரையில் என்ன இருக்கிறது? நடிகரின் படம் பெரிதாக இருக்கிறது. பாடகர் பெயர் இருக்கிறது. சில வேளை இசையமைப்பாளர் பெயரும் இருக்கிறது. எழுதியவரைக் காண வேண்டுமானால் ஒரு மூலையை அழுத்தி, வரும் பட்டியலில் இறங்கி, இன்னொன்றை அழுத்த வேண்டும். ஸ்பாட்டிஃபை 2018இல் இத்தகைய குறிப்புப் பகுதியைச் சேர்த்தது. அதனை மறைக்காமல் சொல்கிறேன். ஆயின் அங்கே போய்ப் பார்த்தால் பல பழைய தமிழ்ப் பாடல்களுக்கு எழுதியவர் இடம் வெற்றிடமாகவோ, இசையமைப்பாளர் பெயரே இரு முறையாகவோ நிற்கிறது. எங்கள் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நான் வகுப்பில் சொன்ன பட்டுக்கோட்டையார் பாடலொன்றை வீட்டில் தேடிக் கேட்டுவிட்டு வந்து, "ஐயா, அது அந்த நடிகர் எழுதிய பாட்டு என்று போட்டிருக்கிறது" என்றாள். எந்தச் சேவை என்பது இங்கு முதன்மையன்று. இருபத்தொன்பதே வயதில் 1959இல் மறைந்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழைப்பவன் பாட்டை உழைப்பவன் மொழியில் எழுதியவர். அவருக்கு வீடில்லை, நிலமில்லை என்றால் தாங்கலாம். அவர் பாட்டிலேயே அவருக்குப் பெயரில்லை என்றால்?

'பாட்டைக் கேட்டு மகிழ்ந்தால் போதாதா, எழுதியவர் பெயர் எதற்கு?' என்பார் உளர். அவர்கள் தம் வீட்டு நூலடுக்கிலுள்ள நூல்களின் அட்டைகளையெல்லாம் கிழித்துவிட்டுப் பிறகு என்னிடம் வரட்டும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. தமிழ்ப் பாட்டின் தலைப்பு இச்சேவைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே கிடக்கிறது. ககரத்துக்கு ஒருவர் ஓரெழுத்தும் இன்னொருவர் வேறெழுத்தும் இடுவர். நெடிலுக்கு ஒருவர் உயிரை இரட்டிப்பார், மற்றவர் விட்டுவிடுவார். ழகரத்துக்கு எத்தனையோ வழி. ஒரே பாட்டு ஐந்து வடிவங்களில் சிதறிக் கிடக்கும். தமிழெழுத்தில் தட்டித் தேடினால் சில பாடல்கள் வரும், பல வருவதில்லை. சீன, சப்பானியப் பாடல்கள் அவரவர் எழுத்திலேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முடியாத செயலன்று அது. கேட்பார் இல்லாத செயல். தமிழெழுத்தைக் கற்பிக்கும் நாமே நம் வீட்டுக் கூடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மாதச் சந்தா என்பது நமக்குப் புதிதன்று. 1930களிலேயே பினாங்கில் கம்பியில்லாச் சங்கத்தார் ஒலிபரப்பு நடத்தினர். பின்னர் ரெடிஃபியூஷன் என்னும் நிறுவனம் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கம்பி வழியாக வீட்டுச் சுவரிலுள்ள பெட்டிக்குப் பாட்டும் கதையும் அனுப்பியது. கிரீன் லேன் பக்கம் அதன் நிலையம் இருந்ததைத் தீவுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பர். கட்டணம் நின்றால் பெட்டி ஊமையாகும். ஆனால் அன்று எவரும் அந்தப் பெட்டியைத் தம் நூலகம் என்று எண்ணவில்லை. இன்று எண்ணுகிறார்கள், அதுவே ஏமாற்றம். 'என் பட்டியலில் மூவாயிரம் பாட்டு இருக்கிறது' என்கிறார் நண்பர். ஒன்றும் அவருடையதன்று. ஸ்பாட்டிஃபை இந்தியாவில் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. எச்.எம்.வி.யின் பழஞ்செல்வத்தை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றதும், அதே ஏப்ரலில் அந்நிறுவனப் பாடல்களை நீக்க அது ஒப்புக்கொண்டது. 2020 மேயில் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவை அங்கு மீண்டன. ஓராண்டுக்கு மேல் அந்தப் பாடல்கள் இல்லை. எந்தச் சந்தாதாரரையும் எவரும் கேட்கவில்லை. கூகிள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். குறுவட்டு மட்டும் யாருக்கும் அறிவிப்பு அனுப்பாமல் அலமாரியில் இருக்கிறது.

இவை யாவும் சென்னைப் பாட்டைப் பற்றியவை. நம் நாட்டுப் பாட்டின் கதி என்ன? மலேசியாவில் பிறந்து தமிழகம் சென்று புகழெய்திய மலேசியா வாசுதேவன் 2011இல் மறைந்தார். அவர் பாடல்கள் எல்லாச் சேவையிலும் உண்டு, ஏனெனில் அவை சென்னைப் பாடல்கள். பினாங்கிலே தோன்றிய அல்லிகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்கள், அவையும் உண்டு. யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பும் இளைஞர் கைக்கு எட்டுகிறது. ஆனால் நம் கவிஞர்கள் எழுதி, ரெ. சண்முகம் போன்றோர் இசையமைத்து, நம் வானொலிக்கெனப் பதிவான மெல்லிசைப் பாடல்களைத் தேடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைப்பவையும் யாரோ ஒரு நல்லவர் பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்துத் தம் செலவில் ஏற்றியவை. தமிழ் நிகழ்ச்சிகளில் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ் வாழ்த்தை எழுதியவர், பினாங்கில் வாழ்ந்து 'உங்கள் குரல்' இதழை நடத்தி 2014இல் மறைந்த செ. சீனி நைனா முகம்மது அவர்கள். வாரந்தோறும் அதைப் பாடும் மாணவரிடம் எழுதியவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். பிறகு எந்த வெளிநாட்டு நிறுவனத்தையும் குறை கூற நாக்குக் கூசியது.

சேவைகள் பணம் பகிரும் முறையையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். நாம் கட்டும் சந்தா நாம் கேட்ட பாடகருக்கு நேரே போவதில்லை. எல்லாச் சந்தாவும் ஒரு குளத்தில் விழும். யாருடைய பாட்டு மொத்தத்தில் மிகுதியாக ஓடியதோ அவருக்கே பெரும்பங்கு. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைக்குக் குறைவாக ஒலித்த பாட்டுக்குக் காசே இல்லை என்றும் விதித்தது. பெருநகரத்துப் பாடகனுக்கு ஆயிரம் ஒன்றுமில்லை. கோலக் கெட்டிலிலோ சுங்கை சிப்புட்டிலோ கைக்காசு போட்டுப் பதிவு செய்த ஓர் இளைஞனின் தமிழ்ப் பாட்டுக்கு ஆயிரம் பெருமலை. ஐந்நூறு தமிழாசிரியர்கள் ஆளுக்கு இருமுறை வகுப்பில் ஒலிக்கச் செய்தால் அந்த மலை ஒரே வாரத்தில் தாண்டப்படும். செய்தோமா?

எல்லாச் சேவையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளையின் தாலாட்டுக்கு அதுவே துணை. இலவசமாகக் கைப்பேசியில் கிடைப்பதே போதும் என்போரையும் நான் பழிக்கவில்லை. நடுவே வரும் சோப்பு விளம்பரத்தைத் தாங்கும் பொறுமை அவர்களுக்கு இருக்கிறது. நண்பருக்கு நான் சொன்னது இதுவே: எண்ணைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த இருபது பாட்டைத் தாளில் எழுதுங்கள். ஐந்து திரையிசை, ஐந்து கருநாடக இசை, ஐந்து பக்திப்பாட்டு, ஐந்து மலேசியப் பாட்டு. ஒவ்வொரு சேவையிலும் ஒரு மாதம் இருந்து பாருங்கள். மூலப்பதிவு இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, தமிழெழுத்தில் தேடினால் வருகிறதா என மூன்று கோடு கிழித்துக் குறியுங்கள். மிகுந்த குறி பெற்றதற்குச் சந்தா கட்டுங்கள். மிச்சப்படும் காசில், மாதம் ஒரு குறுவட்டோ, உள்ளூர்க் கலைஞர் நேரே விற்கும் பாட்டோ வாங்குங்கள்.

மூன்று மாதம் அவர் அவ்வாறே செய்தார். தாளை என்னிடம் காட்டினார். எந்தச் சேவையும் இருபதில் பாதிக்கு மேல் எழுதியவர் பெயரைச் சரியாகக் காட்டவில்லை. மலேசியப் பாட்டு ஐந்தில் இரண்டுக்கு மேல் எதிலும் இல்லை. இருப்பதில் சற்றே மேலானதை அவர் தேர்ந்தார்; அதன் பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை, அவருடைய இருபது பாட்டு உங்களுடையவை அல்லவே.

அந்தத் தாளையும், எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பாட்டுக்கு எதிரே கவிஞர் பெயரைத் தமிழில் எழுதி நிரப்பிவரும் குறிப்பேட்டையும், நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற்குக் கொண்டுவரவிருக்கிறேன். பாடலாசிரியர் பெயரை முதல் திரையிலேயே, தமிழெழுத்தில், காட்டவேண்டும் என்று இச்சேவைகளுக்குச் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுதவும், நம் வானொலியில் உறங்கும் மலேசியப் பாடல்களை எழுதியவர் பெயரோடு பொதுமக்களுக்குத் திறந்துவிடக் கோரவும் ஒரு தீர்மானம் முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். குறிப்பேட்டில் இன்னும் அறுபத்திரண்டு பாட்டுக்குப் பெயர் நிரப்பப்படவில்லை. அறிந்தோர் வரும்போது எழுதுகோலோடு வருக.